யுத்த காலப் பேஸ்பால் படம்: இத்தனை பிழைகள் இருந்தும் இத்தனை வசூலா?

நிலாமுற்றம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பென்னி மார்ஷல் இயக்கி 1992-இல் வெளிவந்த ‘எ லீக் ஆஃப் தெயர் ஓன்’ படத்தைப் போன சனிக்கிழமைதான் முதன்முறையாகப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போருக்கு ஆண் வீரர்கள் புறப்பட்டுப் போய்விட, 1943-இல் அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட பேஸ்பால் லீக்கின் கதை. ஜீனா டேவிஸ் டாட்டியாக, மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சராக வருகிறார். அவருடைய தங்கை கிட்டாக, பந்து வீசும் பிட்சராக லோரி பெட்டி. குடித்துச் சீரழிந்த மேனேஜராக டாம் ஹாங்க்ஸ்.

பேஸ்பால் விதிகளில் பாதிகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தத் தந்திக் காட்சி வந்தபோது மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தேன். உடை மாற்றும் அறைக்குத் தந்தி வருகிறது. அதில் யார் பெயர் என்று கொண்டுவந்தவருக்கே தெரியவில்லை. அறையிலுள்ள மனைவிகள் எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள். மேனேஜர் தந்தியைப் பிடுங்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கடந்து நடக்கிறார். இதை எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

படம் முடிந்த கையோடு இணையத்தில் தேடினேன். பிழைப் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. இந்த ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் இல்லை, அந்த வருடத்தில் இது கிடையாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். படித்து முடித்தபோது மனம் சோர்ந்துவிட்டது. என்னை இவ்வளவு அசைத்த ஒரு படம் இவ்வளவு அலட்சியமாகவா எடுக்கப்பட்டது?

படம் உண்மையில் எவ்வளவு வசூலித்தது, அது எப்படிப்பட்ட வெற்றி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் பிழைகளில் எது பெரிது, எது ஒன்றுமில்லாதது என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

வரவுசெலவு பதில்:

வசூலைப் பற்றி நான் சொல்கிறேன், பிழைகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 10 கோடியே 75 லட்சம் டாலர். மற்ற நாடுகளில் 2 கோடியே 49 லட்சம். மொத்தம் 13 கோடியே 24 லட்சம் டாலர். தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 4 கோடி என்று சொல்லப்படுகிறது. வசூலில் திரையரங்குகளின் பங்கு போனால் தயாரிப்பாளர் கைக்கு ஏறத்தாழ பாதிதான் வந்து சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படிப் பார்த்தாலும் நல்ல லாபம்.

மொத்தத் தொகையைவிட அது வந்த விதம்தான் எனக்கு முக்கியம். படம் ஜூலை 1, புதன்கிழமை வெளியானது. முதல் வார இறுதியில் 1 கோடியே 37 லட்சம் டாலர் எடுத்து இரண்டாம் இடத்தில் நின்றது. முதலிடம் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துக்கு. ஆனால் இரண்டாவது வார இறுதியில் இதன் வசூல் ஏறத்தாழ 15 சதவீதம்தான் குறைந்தது, படமும் முதலிடத்துக்கு ஏறிவிட்டது. கோடைக்காலத்துப் பெரிய படங்களுக்கு இரண்டாவது வாரத்தில் பாதி விழுந்தாலே யாரும் வியப்படைய மாட்டார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பேட்மேன் முதல் வார இறுதியில் 4 கோடியே 57 லட்சம் டாலர் எடுத்து, வட அமெரிக்காவில் 16 கோடியே 28 லட்சத்தில் முடித்தது. தொடக்கத்தைப் போல மூன்றரை மடங்கு. இந்தப் பேஸ்பால் படம் தன் தொடக்கத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு எடுத்தது. முதல் வாரக் கூட்டத்தை விளம்பரம் கொண்டுவரலாம். எட்டு மடங்கைப் பார்த்தவர்களின் வாய்தான் கொண்டுவரும். அம்மாவை அழைத்துப் போனவர்கள், மகளை அழைத்துப் போனவர்கள், இரண்டாம் முறை போனவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். 1992-இல் அங்கே ஒரு டிக்கெட்டின் சராசரி விலை 4 டாலர் 15 சென்ட். வகுத்துப் பார்த்தால் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள்.

வெளிநாட்டு வசூல் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குக் காரணம் பேஸ்பால். அந்த ஆட்டம் வேர்விடாத நாடுகளில் இந்தப் படத்தை விற்பது கடினம்.

இன்னொரு செய்தி. ஒரு பெண் இயக்கிய படம் அமெரிக்காவில் 10 கோடி டாலரைத் தாண்டியது முதன்முதலில் 1988-இல். அந்தப் படமும் பென்னி மார்ஷல் எடுத்த ‘பிக்’தான். நான்கே ஆண்டுகளில் அவரே அதை இரண்டாம் முறையும் செய்து காட்டினார்.

நோட்டுக்காரன் பதில்:

நிலாமுற்றம் அவர்களே, அலட்சியம் என்ற சொல்லைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். விளையாட்டைப் பற்றிய ஒரு படத்தில் உதவி இயக்குநராக இருந்து, ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமலிருக்கக் குறித்துவைக்கும் கன்டினியூட்டி நோட்டு எழுதியவன் நான். அந்த வேலையின் பாரம் தெரிந்ததால் சொல்கிறேன்.

இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசும் காட்சியில் நான் கவனிக்க வேண்டியது தம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, கை எங்கே இருக்கிறது, முடி எந்தப் பக்கம் விழுகிறது என்பதைத்தான். ஆட்டக் காட்சி அப்படியல்ல. திரையில் பத்து நிமிடம் ஓடும் ஆட்டத்தை வாரக்கணக்கில் எடுப்போம். காலை எட்டு மணிக்கு மேற்கே நீண்டு கிடந்த நிழல் மாலை நான்கு மணிக்குக் கிழக்கே கிடக்கும். கதைப்படி இடையில் கடந்தது அரை நிமிடம்தான். தரையில் சறுக்கியவளின் தொடையில் ஒட்டிய மண்ணை மதிய உணவுக்குப் பிறகு அதே இடத்தில், அதே வடிவில் மறுபடியும் பூச வேண்டும். பின்னால் மூன்றாவது வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருந்த துணை நடிகை மறுநாள் வரமாட்டார்.

ஸ்கோர்போர்டு இன்னொரு தலைவலி. படப்பிடிப்பில் ஒழுங்காகத்தான் எண்களை மாற்றி வைப்போம். பிறகு எடிட்டிங் மேசையில், ஐந்தாவது இன்னிங்ஸில் எடுத்த ஒரு முகபாவனை எட்டாவது இன்னிங்ஸுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு போவார்கள். பின்னணியில் பலகை தெரியும். எடிட்டருக்கும் அது தெரியும். முகத்துக்காக எண்ணை விட்டுக்கொடுப்பார். பத்தில் ஒன்பது முறை அவர் செய்தது சரியாகத்தான் இருக்கும்.

இந்தப் படத்தில் என்னை நெகிழவைத்த ஒரு விஷயம் உண்டு. ஒரு வீராங்கனையின் தொடையில் பெரிய காயம் காட்டப்படுகிறது அல்லவா, சிவந்து கன்றி உள்ளங்கையைவிட அகலமாக? அது ஒப்பனை அல்ல. ரெனே கோல்மன் என்ற நடிகை அந்தக் குட்டைப் பாவாடையோடு சறுக்கிச் சறுக்கி வாங்கிய உண்மையான காயம். நான் நோட்டு எழுதுபவனாக அங்கே இருந்திருந்தால் இரவு தூக்கம் வந்திருக்காது. உண்மைக் காயம் நாளுக்கு நாள் நிறம் மாறும். சிவப்பு ஊதாவாகும், ஊதா பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். பொய்க் காயத்தைத்தான் ஒரே நிறத்தில் வைத்திருக்க முடியும்.

குரலிலும் ஒரு தொடர்ச்சியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். முதுமையில் வரும் டாட்டியாக நடித்தவர் லின் கார்ட்ரைட். நமக்குக் கேட்பதோ ஜீனா டேவிஸின் குரல். முகம் மாறியும் ஆள் மாறவில்லை என்று நம் மனம் ஒப்புக்கொள்கிறதே, அதற்கு ஒரு காரணம் அந்தக் குரல்.

சுழல்கை பதில்:

நோட்டுக்காரன் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மண், நிழல், பலகை எதுவும் என் கண்ணை உறுத்தவில்லை. ஆனால் பட்டியல்காரர்கள் ஒரு வரியில் கடந்துபோகும் ஒரு பிழை இருக்கிறது. படத்தை ஆறு முறை பார்த்திருக்கிறேன், ஆறு முறையும் அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பிட்சர்கள் எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கி வீசுகிறார்களே, அதைச் சொல்கிறேன்.

நான் ஒன்பது ஆண்டுகள் சாஃப்ட்பால் பிட்சராக ஆடியவள். அதனால்தான் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

1943-இல் அந்த லீக்கில் எவரும் மேலிருந்து வீசவில்லை. சூயிங்கம் முதலாளி பிலிப் ரிக்லி தொடங்கிய லீக் அது. படத்தில் அவரை ஹார்வி என்ற சாக்லெட் முதலாளி ஆக்கியிருக்கிறார்கள். முதல் ஆண்டில் அங்கே ஆடப்பட்டது சாஃப்ட்பாலுக்கும் பேஸ்பாலுக்கும் இடைப்பட்ட ஓர் ஆட்டம். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, மட்டையோடு நிற்பவரின் ஹோம் பிளேட் வரை 40 அடி. ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய பேஸ்களுக்கு இடையே 65 அடி. ஆண்களின் பேஸ்பாலில் இவை முறையே ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல், அறுபதரை அடி, 90 அடி. வீச்சு கீழிருந்துதான், கையைக் காற்றாடிபோல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி.

அந்த வீச்சு எப்படி இருக்கும் என்று எழுத ஆசைப்படுகிறேன், படம் காட்டாமல் விட்டது அதைத்தான். இரண்டு காலும் பிட்சர் நிற்கும் பலகையில். பந்து கையுறைக்குள். விரல்கள் தையலைத் தேடுகின்றன. உடம்பு முன்னே பாயும்போது கை முகத்துக்கு முன்னால் மேலேறி, காதை உரசி, பின்னால் இறங்குகிறது. இந்த அரைச் சுற்றில் உங்கள் கை உங்களுக்கே தெரியாது, கனம் மட்டும்தான் தெரியும். இடுப்புக்கு வரும்போது முன்கையின் உட்புறம் இடுப்பெலும்பில் லேசாக உரசும். அந்த உரசல்தான் கடிகாரம். உரசியதும் மணிக்கட்டு தானாகச் சொடுக்க வேண்டும். ஒரு கணம் முந்தினால் பந்து தரையில் குத்தும், பிந்தினால் கேட்சரின் தலைக்கு மேலே பறக்கும். எனக்கு அந்த இடத்தில், முன்கையில் மூன்று விரல் அகலத்துக்கு, எப்போதும் தோல் சிவந்தே இருக்கும். பள்ளியில் ஓர் ஆசிரியை யார் அடித்தது என்று விசாரித்தார்.

கீழிருந்து வீசுவது எளிது, மெதுவானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40 அடியில் மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குள் மட்டையை அடைந்துவிடும். அறுபதரை அடியில் அதே நேரத்துக்குள் வரவேண்டுமென்றால் 90 மைல் வேகம் வேண்டும். எதிரே நிற்பவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு லீக் கொஞ்சம் கொஞ்சமாக ஆண்களின் ஆட்டத்தை நோக்கி நகர்ந்தது. பந்து சிறிதானது, தூரம் கூடியது, வீச்சு பக்கவாட்டுக்கு வந்தது. 1948-இல்தான் கை தலைக்கு மேலே போனது. அந்த மாற்றத்தில் என்ன ஆனார்கள் என்பதற்கு இரண்டு பெயர்கள் சொல்கிறேன். ரசீன் அணியின் ஜோஆன் விண்டர் 1946-இல் 33 ஆட்டங்களை வென்றவர், தொடர்ந்து 63 இன்னிங்ஸ் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காதவர். மேலிருந்து வீசும் முறையைப் புதிதாகக் கற்றுக்கொண்டு அதிலும் வென்றார். கோனி விஸ்னியூஸ்கி 1945-இல் 32 வெற்றிகளோடு லீக்கின் சிறந்த வீராங்கனை ஆனவர். விதி மாறியபோது வீசும் இடத்தைவிட்டு அவுட்ஃபீல்டுக்குப் போய், மட்டையால் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். லீக்கின் மிகச் சிறந்த கைகளில் ஒன்றுக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போயிற்று. எனக்கு இது ஒரு தனிப் படத்துக்கான கதை.

இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். படத்தில் 1943-இன் இறுதித் தொடர் டாட்டியின் ராக்ஃபர்டுக்கும் கிட்டின் ரசீனுக்கும் நடக்கிறது, ரசீன் வெல்கிறது. உண்மையில் அந்த ஆண்டு ரசீன் தோற்கடித்தது கெனோஷா அணியை. ராக்ஃபர்டும் ரசீனும் மோதியது 1946-இல். அந்தத் தொடரின் கடைசி ஆட்டத்தைக் கேளுங்கள். ராக்ஃபர்டின் கரோலின் மாரிஸ் ஒன்பது இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டுப் பேஸ் சேரும் வாய்ப்புகூட, கொடுக்கவில்லை. மறுபக்கம் ஜோஆன் விண்டருக்கு எதிராக 13 ஹிட்கள். ஆனால் ஒருவரைக்கூட அவர் ஹோம் பிளேட் சேர்ந்து ரன் எடுக்கவிடவில்லை. பதினான்காவது இன்னிங்ஸ் வரை இரு பக்கமும் பூஜ்யம். அப்போது ஸோஃபி குரிஸ் ஹிட் அடித்தார், இரண்டாவது பேஸைத் திருடினார் (பந்து அடிபடும் முன்பே ஓடிச் சேர்வதை அப்படிச் சொல்வோம்), பெட்டி ட்ரெஸ்ஸாவின் அடியில் ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கி வந்து சேர்ந்தார். 1–0. கோப்பை ரசீனுக்கு. அந்த ஒரே பருவத்தில் குரிஸ் திருடிய பேஸ்கள் 201. ஆண்களின் பெரிய லீக்கில் நவீன காலத்துச் சாதனை ரிக்கி ஹெண்டர்சனின் 130, அது 1982-இல். பேஸ் தூரம் வேறு என்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் 201!

ஆக, படம் செய்திருப்பது என்னவென்றால், 1943 முதல் 1954 வரை 600-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடிய பன்னிரண்டு பருவங்களை ஒரே கோடைக்குள் மடித்து வைத்திருக்கிறது. வீச்சு 1948-இலிருந்து. இறுதி மோதல் 1946-இலிருந்து. குடிகார மேனேஜருக்கு ஓரளவு மூலமாக இருந்த ஜிம்மி ஃபாக்ஸ் ஃபோர்ட் வேய்ன் அணிக்கு மேனேஜராக இருந்ததோ 1952-இல். மூலக்கதை எழுதிய இருவரில் ஒருவரான கெல்லி கேண்டலின் தாயார் ஹெலன் கலஹன் அந்த லீக்கில் ஆடியவர், அவருடைய அக்காள் மார்ஜும் ஆடினார். அக்காள் தங்கைக் கதைக்கு வீட்டிலேயே விதை இருந்திருக்கிறது. அவர்கள் வந்ததும் முதல் ஆண்டில் அல்ல. இந்த மடிப்புகளையெல்லாம் நான் மன்னிக்கிறேன். இரண்டு மணி நேரப் படத்தில் பன்னிரண்டு பருவங்களை வேறு எப்படிக் கொண்டுவருவது?

வீச்சை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ஏன் மாற்றினார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. பேஸ்பால் என்று டிக்கெட் வாங்கி வந்தவருக்கு முதல் பந்தே கீழிருந்து வந்தால், இது வேறு ஏதோ பெண்கள் ஆட்டம் என்று மனத்துக்குள் ஒரு படி இறக்கிவைத்துவிடுவார். அந்த ஒரு படிக்குப் பயந்துதான் கையை மேலே தூக்கியிருக்க வேண்டும். வரவுசெலவு சொன்ன எட்டு மடங்கில் அதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். எந்த அலட்சியப் பார்வையை எதிர்த்துப் படம் பேசுகிறதோ, அதே பார்வைக்கு இந்த ஓர் இடத்தில் வளைந்துகொடுத்திருக்கிறது.

நோட்டுக்காரன் பதில்:

சகோதரி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். அந்தச் சுழல் வீச்சை நடிகைகளுக்குக் கற்றுக்கொடுக்க எத்தனை காலம் ஆகும்? லோரி பெட்டி சில மாதங்களில் மேலிருந்து வீசக் கற்கலாம். நீங்கள் சொல்லும் இடுப்பு உரசல் சில மாதங்களில் வருமா? பொய்யாக வீசினால் உங்களைப் போன்றவர்களே முதலில் கண்டுபிடித்திருப்பீர்கள்.

சுழல்கை பதில்:

நியாயமான கேள்வி, ஐயா. எனக்குப் பந்து நேராகப் போக ஓர் ஆண்டு ஆயிற்று, நினைத்த இடத்துக்குப் போக மூன்று ஆண்டுகள். நடிகைகளால் முடிந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைதானத்தில் தூரத்து ஷாட்டுகளுக்கு, உண்மையாக வீசத் தெரிந்த ஒரு பெண்ணை அந்தச் சீருடையில் நிறுத்தியிருக்கலாமே. ஒரே ஒரு பந்து போதும் எனக்கு.

படம் சரியாகச் செய்தவற்றையும் சொல்லாமல் போனால் பாவம். நான்கு அணிகள் சரி. சிக்காகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் நடந்த தேர்வு சரி, படப்பிடிப்பும் அங்கேயே நடந்தது. நடை, உடை, ஒப்பனை கற்றுக்கொடுத்த நாகரிக வகுப்பு உண்மை. கூடவே சென்ற காவல் பெண்மணி உண்மை. படத்தில் வாரம் 75 டாலர் என்று ஆள்பிடிக்க வருபவர் சொல்கிறார். உண்மையில் 45 முதல் 85 டாலர் வரை கொடுத்தார்கள். பால் பண்ணையில் 30 டாலருக்கு வேலை செய்யும் பெண்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேறொரு காட்சி பத்து விநாடிதான் இருக்கும். பந்து வேலிப் பக்கம் உருண்டு போகிறது. அங்கே நிற்கும் ஒரு கறுப்பினப் பெண் அதை எடுத்து, அருகில் வரும் டாட்டியைத் தாண்டி, தூரத்தில் நிற்கும் பிட்சரின் கையுறைக்குள் அறைந்ததுபோல வீசுகிறார். வாங்கியவர் கையை உதறிக்கொள்கிறார். அவ்வளவுதான், ஆட்டம் தொடர்கிறது. அந்த லீக் கடைசிவரை கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவே இல்லை. தேர்வுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்ட மேமி ஜான்சன், பிறகு ஆண்களோடு சேர்ந்து இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸ் அணியில் பிட்சராக ஆடினார். டோனி ஸ்டோன் என்ற இன்னொரு கறுப்பினப் பெண் அதே அணிக்கு 1953-இல் வந்தவர். பிழைப் பட்டியல் போடுகிறவர்கள் மண்ணையும் நிழலையும் விட்டுவிட்டு, அந்தப் பெண் ஏன் வேலிக்கு வெளியே நிற்கிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

வரவுசெலவு பதில்:

ஒரு சின்னச் சேர்க்கை. உண்மையான லீக்கின் வாசல் கணக்கும் படத்தின் வசூல் போலவே மெதுவாக ஏறியதுதான். 1943-இல் வந்த பார்வையாளர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 76 ஆயிரம் பேர். உச்சம் தொட்ட 1948-இல், அப்போது அணிகள் பத்து, 9 லட்சத்துக்கும் மேல். போர் முடிந்ததும் கூட்டம் கலைந்தது என்று பலர் எழுதுவது தவறு. போர் முடிந்து மூன்றாண்டுகள் கழித்துத்தான் அதிகம் பேர் வந்தார்கள்.

சுழல்கை அம்மா வருத்தப்படுவதற்கு இன்னொரு காரணமும் தருகிறேன், மன்னிக்கவும். கை தலைக்கு மேலே போனதும் அதே 1948-இல்தான். கூட்டம் வந்ததற்கு வீச்சுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

சுழல்கை பதில்:

அந்த ஒற்றுமை எனக்கும் தெரியும், அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. ஆனால் அதற்குப் பிறகு ஆறே பருவங்களில் லீக் மூடப்பட்டதும் உண்மை. ஆண்களின் ஆட்டத்தைப் போலவே ஆகிவிட்ட பிறகு, ஆண்களின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தவர்கள் மைதானத்துக்கு ஏன் வரவேண்டும்? இது என் எண்ணம்தான்.

நிலாமுற்றம் பதில்:

எல்லோருக்கும் நன்றி. அலட்சியம் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், நோட்டுக்காரன் ஐயா.

ஒன்று மட்டும் சுழல்கை அவர்களிடம் கேட்க வேண்டும். கடைசியில் தங்கை ஓடிவந்து மோதும்போது டாட்டியின் கையிலிருந்து பந்து உருண்டு விழுகிறதே, அவர் வேண்டுமென்றே விட்டாரா? அதையும் ஒரு பிழை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முன்பு ஒரு மோதலில் பந்தை இறுகப் பிடித்தவர் இங்கே விடுவது பாத்திரத்துக்குப் பொருந்தவில்லையாம்.

சுழல்கை பதில்:

எனக்குக் கேட்சராக இருந்தவள் என் நெருங்கிய தோழி, அதனால் நான் சொல்வதில் பாசம் கலந்திருக்கும். டாட்டி வேண்டுமென்றே விடவில்லை. ஓடிவருபவள் முழு வேகத்தில் மார்பில் மோதும்போது, கையுறையில் இல்லாமல் வெறுங்கையில் பந்தைப் பிடித்திருப்பவளுக்கு, முதுகு தரையில் அடிக்கும் கணத்தில் விரல் தானாகத் திறக்கும். என் தோழிக்கு இரண்டு முறை திறந்திருக்கிறது. இரண்டு முறையும் அவள் அழுதாள், இரண்டு முறையும் எதிரே வந்தவள் அவளுடைய தங்கை அல்ல. வேண்டுமென்றே விட்டார் என்று சொல்வது கிட் ஓடிய ஓட்டத்தை அவளிடமிருந்து பறிப்பது. நிறுத்தச் சொல்லிக் காட்டிய கையையும் மீறி ஓடிவந்தவள் அவள். அந்த ரன் அவளுடையது.

நிலாமுற்றம் பதில்:

நேற்று இரவு அந்தக் காட்சியை மறுபடியும் பார்த்தேன், இந்த முறை கிட்டின் கால்களை மட்டும். பிறகு தூக்கம் வரவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வராந்தாவில் 40 அடியை அளந்தேன். ஒரு முனையில் செருப்பை வைத்துவிட்டு மறுமுனையில் போய் நின்றேன். ஏழெட்டு எட்டில் வந்துவிடும்போல் இருந்தது. அந்தத் தூரத்திலிருந்து, சுழன்று வரும் ஒரு கையைப் பார்த்துக்கொண்டு, மட்டையோடு நிற்பதை நினைத்தபோது என்னையறியாமல் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தேன்.